முதலில் பொருள், பிறகு பல்கலைக்கழகம்: கலைப்பொருள் பாதுகாப்பில் முதுகலை படிக்க நினைப்பவருக்கு

கேள்வி: பி.எஸ்சி. வேதியியல் இறுதியாண்டு படிக்கிறேன். ஓரளவு நன்றாக வரைவேன். பழைய சிலைகள், ஓவியங்கள், சுவடிகள் ஆகியவற்றைப் பாதுகாக்கும் துறையில் முதுகலை படிக்க ஆசை. இந்தியாவில் படிப்பதா, வெளிநாடு போவதா? வேலை கிடைக்குமா? வீட்டில், பேசாமல் எம்.எஸ்சி. வேதியியலில் சேர் என்கிறார்கள்.

பதில்:

வீட்டில் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. அது எந்தப் பாதி என்பதற்குப் பிறகு வருகிறேன். முதலில் உங்கள் கேள்வியின் வரிசையை மாற்ற வேண்டும். இந்தியாவா வெளிநாடா என்று தொடங்காதீர்கள். செம்பா, கல்லா, சுவரோவியமா, ஓலையா, துணியா என்று தொடங்குங்கள். இந்தத் துறையில் எல்லாவற்றையும் தொடும் கன்சர்வேட்டர் (பழம்பொருளைப் பழுதுபார்த்துப் பாதுகாப்பவர்) என்று எவரும் இல்லை; இருப்பதாகச் சொல்பவரிடம் உங்கள் பாட்டியின் பட்டுப் புடவையைக்கூடக் கொடுக்காதீர்கள். உலோகத்தில் பழகிய கை எண்ணெய் வண்ண ஓவியத்தின் பக்கம் போகாது. காகிதத்தில் தேர்ந்தவர் கருங்கல்லைப் பற்றிப் பேசும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வார்.

பல்கலைக்கழகங்களும் இப்படித்தான் பிரிந்து கிடக்கின்றன. துணி என்றால் பிரிட்டனில் கிளாஸ்கோ. சுவரோவியம் என்றால் லண்டனின் கோர்ட்டால்ட். சட்டமிட்ட ஓவியம் என்றால் கேம்பிரிட்ஜின் ஹாமில்டன் கெர் நிலையம். மண்ணிலிருந்து எடுத்த தொல்பொருள் என்றால் டர்ஹாம் அல்லது கார்டிஃப். அமெரிக்காவில் தொல்பொருளுக்கும் பழங்குடிப் பொருள்களுக்கும் லாஸ் ஏஞ்சலிஸில் கலிபோர்னியா பல்கலைக்கழகமும் கெட்டி நிறுவனமும் சேர்ந்து நடத்தும் படிப்பு. "எது சிறந்த கல்லூரி" என்று கேட்டால் எவராலும் பதில் சொல்ல முடியாது. "சுவரோவியத்துக்கு எது" என்று கேட்டால் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடலாம்.

தேடும்போது இன்னொரு குழப்பமும் வரும். அருங்காட்சியகவியல் வேறு, அதில் கன்சர்வேஷன் ஒரு தாள் மட்டுமே. பரோடா பல்கலைக்கழகத்தில் 1952-இல் தொடங்கிய துறை இந்த வகையைச் சேர்ந்தது, நல்ல துறை, ஆனால் நீங்கள் கேட்பது அதுவன்று. கட்டடப் பாதுகாப்பும் வேறு: டில்லியின் ஸ்கூல் ஆஃப் பிளானிங் அண்ட் ஆர்கிடெக்சர், அகமதாபாத்தின் செப்ட் பல்கலைக்கழகம் போன்றவை கட்டடக் கலைஞர்களுக்கானவை, பி.ஆர்க். இல்லாமல் அங்கே பெரும்பாலும் நுழைய முடியாது. உங்களுக்கு வேண்டியது பொருளைக் கையில் எடுத்து வேலை செய்யும் படிப்பு.

வேதியியல் மாணவர் என்பதால் இந்தப் படிப்பில் என்ன சொல்லித்தருகிறார்கள் என்பதை வெண்கலத்தை வைத்தே விளக்குகிறேன். நான் அந்தப் பக்கத்து ஆள் என்பதும் ஒரு காரணம்.

சென்னை அரசு அருங்காட்சியகத்தில் இருக்கும் செப்புத் திருமேனிகளில் பெரும் பகுதி, யாரோ வீட்டுக்குக் கடைக்கால் தோண்டும்போதும் வயலில் உழும்போதும் கிடைத்தவை. 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டத்தின் வழியாக ஆட்சியர் கைக்கு வந்து, பிறகு எழும்பூருக்கு வந்து சேர்ந்தவை. பல நூற்றாண்டுகள் மண்ணில் கிடந்தபோது மண்ணின் உப்பு உலோகத்துக்குள் இறங்கிவிடுகிறது. உள்ளே செம்பின் குளோரைடு ஒரு படலமாகத் தங்கும். பொருள் வெளியே வந்து காற்றும் ஈரமும் பட்டதும் அது காரக் குளோரைடாக மாறும். மாறும்போது அமிலம் பிறக்கும். அந்த அமிலம் பக்கத்துச் செம்பைத் தின்று மறுபடி குளோரைடாக்கும். வெளியில் தெரிவது வெளிர்பச்சைப் பொடி. தட்டினால் உதிரும். இதைத்தான் வெண்கல நோய் என்கிறார்கள். காற்றின் ஈரப்பதத்தை 40 சதவீதத்துக்குக் கீழே பிடித்து வைத்தால் இது ஏறக்குறைய உறங்கிவிடும். சென்னையில் 70 சதவீதம் என்பது சாதாரண நாள்.

இந்தச் சிக்கலுக்காகவே சென்னை அருங்காட்சியகம் 1930-இல் ஒரு வேதியியல் ஆய்வகத்தைத் தொடங்கி எஸ். பரமசிவனை அமர்த்தியது. இந்திய அருங்காட்சியகங்களில் இத்தகைய ஆய்வகங்களுக்கு முன்னோடி அது. அன்றைய முறை மின்பகுப்பு: சிலையை எதிர்மின்வாயாக்கி, காரக் கரைசலில் நிறுத்தி, மின்சாரம் செலுத்தித் துருவைக் குறைத்து எடுப்பது. வேதியியல்படி அழகான வழி. குளோரைடு வெளியேறியது, சிலைகள் நின்றன.

ஆனால் அதே மின்பகுப்பை இன்று ஒரு மாணவர் முதல் யோசனையாகச் சொன்னால் ஆசிரியர் முகம் சுளிப்பார். காரணம், துரு எல்லாமே குப்பை அல்ல. பொருளின் உண்மையான மேற்பரப்பு பல நேரம் அந்தத் துருப்படலத்துக்குள்தான் பதிந்திருக்கும். சிற்பி உளியால் செதுக்கிய ஆடை மடிப்பின் கோடு, சுற்றிப் புதைத்த துணியின் நெசவுத் தடம்கூட அதில் உறைந்திருக்கலாம். மின்பகுப்பு இவற்றையெல்லாம் சேர்த்து உரித்துவிடும். இப்போது உருப்பெருக்கியின் கீழே கத்திமுனையால் மணிக்கணக்கில் எடுக்கிறார்கள். பென்சோட்ரையசோல் போன்றவற்றால் உலோகத்தை மந்தப்படுத்துகிறார்கள். முடிந்தால் எதுவும் செய்யாமல் பெட்டியின் ஈரத்தை மட்டும் குறைக்கிறார்கள். பரமசிவன் தவறு செய்தார் என்று இதற்குப் பொருள் கொள்ளாதீர்கள். அன்று அழிந்துகொண்டிருந்ததை அன்று தெரிந்த வழியில் அவர் நிறுத்தினார். முதுகலையில் உங்களுக்குக் கற்பிக்கப்படுவது, நாளை உங்கள் வேலையையும் இப்படி ஒருவர் திருப்பிப் பார்ப்பார் என்ற நினைப்போடு கைவைப்பது. சிகிச்சைக்கு முன்னும் பின்னும் படம், ஒவ்வொரு கரைப்பானின் பெயரும் அளவும், ஏன் இதைச் செய்தேன், ஏன் அதைச் செய்யவில்லை என்ற குறிப்பு: பாதிப் படிப்பு இந்த எழுத்து வேலைதான். வரையும் ஆசையில் வருகிற பலர் இங்கேதான் சலித்துப்போகிறார்கள்.

அஜந்தாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1920-களின் தொடக்கத்தில் ஐதராபாத் நிஜாம் இரண்டு இத்தாலிய வல்லுநர்களை வரவழைத்தார். அவர்கள் உதிர்ந்துகொண்டிருந்த வண்ணப் படலத்தை ஒட்டவைத்துப் பேருதவி செய்தார்கள். கூடவே மேலே அரக்கு வார்னிஷையும் பூசினார்கள். பூசிய அன்று ஓவியம் பளிச்சென்று தெரிந்திருக்கும். வருடங்கள் போகப் போக அரக்கு மஞ்சளித்து, பழுப்பேறி, தூசியையும் புகையையும் பிடித்துக்கொண்டது. புதிதாக இருக்கும்போது ஆல்கஹாலில் சுலபமாகக் கரையும் அரக்கு, வயதானால் எளிதில் கரைவதில்லை. பின்னால் வந்த தொல்லியல் துறை வேதியியலாளர்கள் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்கப் பல பத்தாண்டுகள் போராட வேண்டியிருந்தது. அரக்கின் பாலிமர் வேதியியலைத் தெரிந்த நீங்கள் ஓர் ஒட்டுப்பொருளைப் பார்த்தவுடன் "ஐம்பது வருடம் கழித்து இது எதில் கரையும்" என்று கேட்பீர்கள். கலை வரலாறு படித்துவிட்டு வருகிற மாணவருக்கு அந்தக் கேள்வி தோன்றவே ஒரு வருடம் ஆகும். உங்கள் பி.எஸ்சி.யின் மதிப்பு அங்கே இருக்கிறது.

வேதியியலால் தீராத கேள்விகளும் உண்டு. தஞ்சைப் பெரிய கோயிலின் கருவறையைச் சுற்றிய நடையில், நாயக்கர் கால ஓவியத்துக்கு அடியில் சோழர் ஓவியம் இருப்பதை 1931-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ்.கே. கோவிந்தசாமி கண்டார். பரமசிவன் அதன் சுண்ணாம்புப் பூச்சை ஆராய்ந்து, ஈரச் சுண்ணத்தில் வரையப்பட்டது என்ற முடிவுக்கு வந்தார். பிற்பாடு தொல்லியல் துறை நாயக்கர் படலத்தைச் சில இடங்களில் பெயர்த்தெடுத்து, தனித் தளத்தில் ஒட்டிக் காட்சிக்கு வைத்தது. அடியில் சோழர் ஓவியம் தெரிந்தது. தொழில்நுட்பமாக அசாத்தியமான வேலை. ஆனாலும், பதினேழாம் நூற்றாண்டுக்காரரின் சுவரைப் பதினோராம் நூற்றாண்டுக்காரருக்காக உரிக்கலாம் என்று முடிவு செய்யும் உரிமை யாருக்கு? இதற்கு அமிலகாரச் சமன்பாடு கிடையாது. நல்ல முதுகலைப் படிப்பில் இப்படிப்பட்ட வழக்குகளை வைத்து வாரக்கணக்கில் வாதாட வைப்பார்கள். வாதம் நடக்காமல் செய்முறை மட்டும் சொல்லித்தரும் இடத்தில் படித்தால் நல்ல தொழில்நுட்பராக வெளியே வருவீர்கள், அவ்வளவுதான்.

இந்த வாதத்துக்கு ஒரு மரபு உண்டு. ரோமில் 1939-இல் தொடங்கிய மத்தியச் சீரமைப்பு நிறுவனத்தின் முதல் இயக்குநர் செசாரே பிராண்டி, பொருளின் அழகையும் அது கடந்துவந்த வரலாற்றையும் ஒருசேர மதிக்கவேண்டும் என்றார். ஓவியத்தில் உதிர்ந்த இடத்தை நிரப்பும்போது, மெல்லிய செங்குத்துக் கோடுகளால் நிரப்பும் முறை அங்கே உருவானது. தூரத்தில் நின்றால் ஓவியம் முழுமையாகத் தெரியும், கிட்டே போனால் எது பழையது, எது நிரப்பியது என்று கண் சொல்லிவிடும். 1966 நவம்பர் 4 அன்று ஃபிளாரன்ஸில் ஆர்னோ ஆறு பெருகிப் பல்லாயிரம் நூல்களையும் ஓவியங்களையும் சேற்றில் மூழ்கடித்தது. உலகம் முழுவதிலுமிருந்து அங்கே போய்க் கூடியவர்களிடையே நடந்த கொடுக்கல் வாங்கலில்தான் இன்றைய பாடத்திட்டங்களின் பெரும் பகுதி உருவானது. ரோம் நிறுவனத்தில் இப்போதும் ஐந்தாண்டுப் படிப்பு இருக்கிறது, ஒவ்வொரு பிரிவிலும் கைவிரல் விட்டு எண்ணும் இடங்கள்தான், நுழைவுத் தேர்வில் வரைகலைத் திறனையும் கைத்திறனையும் சோதிப்பார்கள். பாடம் இத்தாலிய மொழியில். மொழி தடையில்லை என்றால் யோசியுங்கள்.

இனி இந்தியா. நொய்டாவில் இருக்கும் இந்தியப் பாரம்பரிய நிறுவனம், 1989-இல் தேசிய அருங்காட்சியக நிறுவனம் என்ற பெயரில் தொடங்கியது. நிகர்நிலைப் பல்கலைக்கழகம், மத்தியப் பண்பாட்டு அமைச்சகத்தின் கீழ் வருகிறது. கன்சர்வேஷனில் இரண்டாண்டு முதுகலைப் பட்டம் தருகிறது. செலவும் கட்டுப்படியாகும். லக்னோவில் 1976-இல் தொடங்கிய தேசியப் பாதுகாப்பு ஆய்வுக்கூடம் பட்டம் தராது, பயிற்சி தரும். அதற்கு மைசூரில் ஒரு கிளை உண்டு. பாரம்பரியத்தைக் காக்கும் தன்னார்வ அமைப்பான இன்டாக்கின் பாதுகாப்பு மையங்கள் பல நகரங்களில் உள்ளன. நமக்குப் பக்கம் பெங்களூரு சித்ரகலா பரிஷத் வளாகத்தில் இருப்பது.

இவற்றில் எதில் சேர்ந்தாலும், சேரும் முன் ஒரு கேள்வியைக் கட்டாயம் கேளுங்கள்: இரண்டு ஆண்டில் ஒரு மாணவர் எத்தனை உண்மையான பொருள்களுக்குத் தொடக்கம் முதல் முடிவு வரை தானே சிகிச்சை செய்கிறார்? கருவிகளின் பட்டியலை எல்லோரும் பெருமையாகக் காட்டுவார்கள். பொருளில் என்னென்ன தனிமங்கள் உள்ளன என்று காட்டும் எக்ஸ் கதிர் ஒளிர்வுக் கருவி கண்ணாடி அறைக்குள் பூட்டியிருக்கும், மாணவர் அதை வெளியே நின்று பார்ப்பார். பட்டயம் என்ற பெயரில் பணம் வாங்கிக்கொண்டு வெறும் படவில்லைகளைக் காட்டி அனுப்பும் இடங்களும் உண்டு. அங்கே படித்து வந்தவர்களுக்குத் துடைப்புப் பஞ்சைக் குச்சியில் சுற்றத் தெரியவில்லை. பழைய மாணவர் இருவரைத் தேடிப் பிடித்துப் பேசுங்கள். துறைத்தலைவரோடு பேசுவதைவிட அது பயன் தரும்.

வீட்டார் சொன்னதில் நியாயமான பாதிக்கு இப்போது வருகிறேன். இந்தியத் தொல்லியல் துறைக்கு 1917 முதல் அறிவியல் பிரிவு ஒன்று உண்டு, அதன் தலைமை டேராடூனில். அந்தப் பிரிவின் வேதியியலாளர் பணிகளுக்கான அறிவிக்கைகளை எடுத்துப் பாருங்கள். கேட்கும் முதல் தகுதி பெரும்பாலும் வேதியியலில் முதுகலைப் பட்டம்தான். கன்சர்வேஷன் முதுகலை மட்டும் வைத்திருப்பவர் விண்ணப்பிக்கவே முடியாமல் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். இது வேதனையான முரண்தான், விதி மாறவேண்டும் என்பவர்களில் நானும் ஒருவன். ஆனால் விதி மாறும்வரை நீங்கள் சும்மா இருக்க முடியாது. அரசுப் பணிதான் நோக்கம் என்றால் எம்.எஸ்சி. வேதியியல் முடித்து, அதற்கு மேல் லக்னோ பயிற்சியும் அருங்காட்சியக அனுபவமும் சேர்ப்பது உறுதியான வழி. அருங்காட்சியகம், தனியார் ஸ்டூடியோ, நூலகம், வெளிநாட்டு வேலை என்று போக நினைத்தால் கன்சர்வேஷன் முதுகலைதான் வழி. இரண்டையும் ஒரே பட்டத்தில் முடித்துவிடலாம் என்று எண்ணாதீர்கள்.

வேலை கிடைக்குமா என்றால், கிடைக்கும், ஆனால் காத்திருந்து கிடைக்கும். நிரந்தரப் பணியிடங்கள் குறைவு. பலர் திட்டத்துக்குத் திட்டம் ஒப்பந்தத்தில் நகர்கிறார்கள். தொடக்கச் சம்பளத்தைக் கேட்டால் உங்கள் வகுப்பில் மருந்துக் கம்பெனிக்குப் போன நண்பர் சிரிப்பார். இதை மறைத்து ஊக்கப்படுத்துவது எனக்குப் பழக்கமில்லை. அதே நேரத்தில் நாட்டில் சுவடி, காகிதம், உலோகம் இவற்றுக்குத் தேர்ந்த கை இல்லாமல் கிடக்கும் தொகுப்புகள் ஏராளம். கீழடியில் 2023-இல் திறந்தது போலத் தொல்லியல் களங்களை ஒட்டிப் புதிய அருங்காட்சியகங்கள் வருகின்றன. காட்சிக்கு வைத்த மறுநாளிலிருந்து பொருள் சீர்கெடத் தொடங்கும் என்பது அங்கெல்லாம் மெதுவாகப் புரியும்.

வெளிநாடு என்றால் அமெரிக்காவைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் அதற்குத்தான் முன்கூட்டியே உழைக்க வேண்டும். நியூயார்க் பல்கலைக்கழகத்தின் மையம் 1960-இல் தொடங்கியது, பஃபலோ படிப்பு 1970-இல், வின்டர்தர் அருங்காட்சியகத்தோடு சேர்ந்து டெலவேர் பல்கலைக்கழகம் நடத்துவது 1974-இல். மூன்று அல்லது நான்கு ஆண்டுகள். கடைசி ஆண்டு முழுவதும் ஏதாவது ஓர் அருங்காட்சியகத்தில் பயிற்சி. ஆண்டுக்குப் பத்துப் பேர் அளவில்தான் எடுப்பார்கள். ஆனால் எடுத்துவிட்டால் கல்விக் கட்டணத்துக்கும் வாழ்க்கைச் செலவுக்கும் கணிசமான உதவி கிடைக்கும் மரபு இவற்றில் உண்டு. அமெரிக்க முதுகலைகளில் இது அபூர்வம். விண்ணப்பிக்கும் ஆண்டின் நிலவரத்தை அவர்களிடமே உறுதி செய்துகொள்ளுங்கள்.

அவர்கள் கேட்பது மூன்று: ஆய்வகத்தோடு கூடிய பொது வேதியியலும் கரிம வேதியியலும், கலை வரலாற்றுப் பாடங்கள், வரைதல் அல்லது சிற்பம் போன்ற செய்கலைப் பயிற்சி. இதற்கு மேல், தேர்ந்த கன்சர்வேட்டரின் கீழே பல நூறு மணி நேரம் வேலை செய்த சான்று. தேர்வாகும் பலர் படிப்பில் சேருமுன் இரண்டு மூன்று ஆண்டுகள் ஆய்வகங்களில் கழித்தவர்கள். நேர்காணலுக்குப் போகும்போது நீங்கள் வரைந்தவை, செய்தவை, சரிசெய்தவை எல்லாவற்றையும் கோப்பாக்கிக் கொண்டுபோக வேண்டும். வேதியியல் உங்களிடம் இருக்கிறது. கலை வரலாறு இல்லை. அதை இப்போதே ஒரு சான்றிதழ்ப் படிப்பிலாவது தொடங்குங்கள்.

பிரிட்டன் படிப்புகளில் ஓராண்டு, இரண்டாண்டு, மூன்றாண்டு என எல்லா அளவும் உண்டு. சேர்வது ஒப்பீட்டளவில் எளிது, கட்டணம் கடுமை. இந்தியர்களுக்குச் சார்லஸ் வாலஸ் இந்தியா அறக்கட்டளை உதவுகிறது, பாரம்பரியப் பாதுகாப்பு அதன் விருப்பத் துறைகளில் ஒன்று. ஜெர்மனியில் கொலோன், ஸ்டுட்கார்ட், பெர்லின் ஆகிய இடங்களில் நல்ல பள்ளிகள் இருக்கின்றன. ஜெர்மன் மொழியும் முன்பயிற்சியும் இல்லாமல் அங்கே கதவு திறக்காது.

வெளிநாட்டில் படித்துத் திரும்புகிறவர்கள் இங்கே தடுமாறும் இடம் ஒன்று இருக்கிறது. அங்கே நீங்கள் படிப்பது பழம்பெரும் சின்னங்களைப் பாதுகாப்பதற்கான சர்வதேச நெறிகளான 1964-இன் வெனிஸ் சாசனம்: குறைவாகத் தொடு, இருப்பதை இருக்கவிடு, ஊகத்தில் நிரப்பாதே. இங்கே கோயிலில் நடப்பது திருப்பணி. பழுதானதைப் புதுப்பித்து, குடமுழுக்குச் செய்து, தெய்வத்தை மறுபடி எழுந்தருளச் செய்வது. பக்தருக்கு அந்தச் சிலை அருங்காட்சியகப் பொருள் அல்ல. புளி போட்டுத் தேய்த்துத் தேய்த்து முகம் மழுங்கிய உற்சவரைப் பார்த்து நீங்கள் பதறுவீர்கள், அர்ச்சகரோ அந்தப் பளபளப்பே மரியாதை என்பார். இருவரும் சரி. 1994-இன் நாரா ஆவணம், உண்மைத்தன்மை என்பது அந்தந்தப் பண்பாட்டுக்குள் வைத்துப் பார்க்கவேண்டியது என்று ஒப்புக்கொண்டது. அது கொஞ்சம் உதவும், முழுவதும் உதவாது. அதற்காக எல்லாம் மரபு என்று விட்டுவிடவும் முடியாது. மணலை வேகமாக வீசிக் கருங்கல்லைச் சுத்தம் செய்ததில் கல்வெட்டு எழுத்துகள் தேய்ந்துபோன கோயில்கள் தமிழ்நாட்டில் உண்டு. அது எந்த ஆகமத்திலும் இல்லை. சென்னை உயர்நீதிமன்றம் தானாக எடுத்த வழக்கில் 2021 ஜூனில் பாரம்பரியச் சின்னங்களைக் காக்க 75 கட்டளைகளைப் பிறப்பித்தது. அவற்றை நடைமுறைப்படுத்த, ஸ்தபதியோடும் அர்ச்சகரோடும் பொறியாளரோடும் அவரவர் மொழியில் பேசத் தெரிந்த கன்சர்வேட்டர்கள் வேண்டும். இதை எந்த நாட்டுப் பாடத்திட்டமும் கற்பிக்காது. சுவாமிமலைப் பட்டறையில் சில வாரம் மெழுகு வார்ப்பைப் பார்த்துவிட்டு வந்தால், உலோகம் எங்கே மெலிந்திருக்கும், எங்கே ஒட்டு விழும் என்பது மட்டுமல்ல, ஸ்தபதி எதற்குக் கோபப்படுவார் என்பதும் தெரிந்துவிடும்.

உடல்நலத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. கரைப்பான்களை நீங்கள் அறிவீர்கள். பழைய தொகுப்புகளில், குறிப்பாகப் பதப்படுத்திய விலங்குகளிலும் இறகுப் பொருள்களிலும், ஆர்செனிக், பாதரச உப்பு, டி.டி.டி. எல்லாம் பூச்சிக்கொல்லியாகத் தூவியிருப்பார்கள். கையுறை கேட்டால் சிரிக்கும் ஆய்வகத்தில் பயிற்சிக்குச் சேராதீர்கள்.

இப்போது செய்யவேண்டியது. இந்தக் கோடை விடுமுறைக்கு ஒரு பொருள், ஓர் இடம் என்று தேர்ந்தெடுத்து எழுதிக் கேளுங்கள். உலோகம் என்றால் எழும்பூர் அருங்காட்சியகத்தின் ஆய்வகம். காகிதம் என்றால் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். ஓலை என்றால் தஞ்சை சரசுவதி மகால், சென்னை கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம், புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம். ஓலையில் பழகப் போகிறவர், எலுமிச்சைப்புல் எண்ணெய் பூசுவதையும், எழுத்தாணிக் கீறலில் மையாடி எழுத்தைத் தெரியவைப்பதையும் ஒரு மாதத்தில் கற்றுவிடலாம். எண்ணெய் எப்போது போதும் என்று அறிவதற்குத்தான் ஆண்டுகள் ஆகும், அதிகமானால் ஓலை கறுத்துத் தூசியைப் பிடிக்கும். ஊதியம் கேட்காதீர்கள், ஆனால் செய்த மணி நேரத்தையும் செய்த வேலையையும் நாள்தோறும் எழுதி மேற்பார்வையாளரிடம் கையொப்பம் வாங்குங்கள். அமெரிக்க விண்ணப்பங்கள் பெரும்பாலும் டிசம்பர், ஜனவரியில் முடியும், நொய்டா சேர்க்கை கோடையில் வரும். எதற்கானாலும் அந்தக் குறிப்பேடுதான் உங்கள் முதல் ஆவணம். ஒரு கோடை முழுவதும் பஞ்சுக்குச்சியோடு உட்கார்ந்த பிறகும் ஆசை குறையவில்லை என்றால், எந்தப் பொருள் என்று எனக்கு எழுதுங்கள். எந்தப் பல்கலைக்கழகம் என்பதை அப்போது பேசலாம்.